ஈரத்துக்குக் கழிவு

மழை நாளில் பறித்த கொழுந்துக்கு
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு.
சாக்குக்கு அரை.
முற்றல் இலை கண்ணில் பட்டால்
அதற்குத் தனியாக ஒன்று.
தராசு முள் ஆடி நிற்கும் முன்பே
எபநேசர் அண்ணனின் பேனா
கழித்து எழுதிவிடும்.
கட்டபெட்டுச் சரிவில்
பதினோரு வருடம் இப்படி நின்றவள் நான்.
ராத்திரி முழங்காலில் நிற்கும்போதும்
வேறு மாதிரி நிற்கத் தெரியவில்லை.

ஆண்டவரே, இன்றைக்குப் பறித்தது இவ்வளவு.
கோபத்துக்குக் கழிவு.
நாத்தனாரிடம் சொன்ன பொய்க்குக் கழிவு.
ஜெபிக்கையில் அடுப்பை நினைத்ததற்கு
நீரே பார்த்து ஏதாவது போட்டுக்கொள்ளும்.
மிச்சம் எவ்வளவு என்று
கேட்காமலே தூங்கிப்போவேன்.
கேட்டால் சொல்லிவிடுவாரே.

மூன்று வருடம் முன்பு
பெண்கள் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள்.
"இரக்கமுள்ள பிதாவே" வரைக்கும் வந்தது.
அதற்குமேல்
ஜன்னல் வழியாக மேகம் உள்ளே நுழைந்த மாதிரி
எதிரே இருந்த பெஞ்சுகூட இல்லை.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
யாரோ ஆமென் சொல்லி என்னை உட்கார வைத்தார்கள்.
அன்றிலிருந்து கடைசி வரிசை,
தூண் மறைக்கிற இடம்.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கென்று
வீட்டுக்குப் பின்னால் ஆறு காலிஃப்ளவர் வளர்த்தேன்.
சாம்பல் தூவினேன், உறைபனிக்குச் சாக்கு போர்த்தினேன்.
பிள்ளைகளைக்கூட நீ இப்படிப் போர்த்தியதில்லை
என்றார் வீட்டுக்காரர்.
பண்டிகைக்கு முந்தின ராத்திரி
காட்டெருமை வந்தது.
விடிந்து பார்த்தால்
ஐந்து இடத்தில் குளம்புக் குழி, குழியில் தண்ணீர்.
ஆறாவதில் பாதி.

போகவேண்டாம் என்று திரும்பப் படுத்தேன்.
போர்வைக்குள்ளும் கணக்கு ஓடியது.
பாதிப் பூவில் கழிக்க
இன்னும் என்ன இருக்கிறது?
கேட்டது நான்தான். எனக்கே சிரிப்பு வந்தது.
அடக்கப் பார்த்தேன்,
இருமல் மாதிரி வெளியே விழுந்துவிட்டது.
கழிக்க ஒன்றும் இல்லையென்றால்
பயப்படவும் ஒன்றும் இல்லைதானே?
இவ்வளவு தெளிவாக அப்போது யோசிக்கவில்லை,
இப்போது எழுதும்போது சொல்கிறேன்.
அப்போது செய்தது இவ்வளவுதான்:
முகம் கழுவினேன்,
பாதிப் பூவைத் துண்டில் சுற்றினேன்,
எட்டே முக்கால் மினி பஸ்ஸை ஓடிப் பிடித்தேன்.

ஏலம் விட்டவர் அதே எபநேசர் அண்ணன்.
கையில் பேனா இல்லாமல்
ஆளே கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார்.
கேரட், பூண்டு, மேரக்காய், கேக், கால் கட்டிய சேவல்,
ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.
என் துண்டை அவிழ்த்தார்.
ஒரு நிமிடம் பேசவில்லை.
"காட்டெருமை ருசி பார்த்து வைத்தது!
நல்ல பூ என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?
முப்பது ரூபாய்!"
கோயிலே சிரித்தது.
தூணுக்குப் பின்னால் நானும் சிரித்தேன்.
ஆயர் நாற்பது என்றார்.
வாசலோரம் ஒரு பையன் அறுபது.
எனக்கு என்ன ஆனதோ,
"நூற்றுப்பத்து" என்று கத்தினேன்.
குரல் நடுவில் உடைந்தது.
மூன்று வருடத்தில் அந்தக் கூரைக்குக் கீழே
நான் தனியாகப் போட்ட முதல் சத்தம்.
ஒருதரம், இரண்டுதரம்,
யாரும் மேலே கேட்கவில்லை.
என் பூவை நானே வாங்கினேன்
கால் நாள் கூலிக்கு.

ராத்திரி அதை வறுத்தேன். கொஞ்சம் தீய்ந்தது.
தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.
முழங்காலில் நின்றபோது
பழக்கதோஷம், மனசு தராசைத் தேடியது.
ஆண்டவரே, இன்றைக்கு, என்று ஆரம்பித்து
நடந்ததையெல்லாம் சொன்னேன்.
சேவல் கட்டவிழ்ந்து
ஆர்மோனியத்தின் மேல் ஏறியதைச் சொன்னேன்.
நடுவில் வார்த்தை நின்றுபோனது.
நிற்கட்டும் என்று
நானும் கூடவே நின்றேன்.

திங்கட்கிழமை மழை.
எபநேசர் அண்ணன் இரண்டு கிலோ கழித்தார்.
பேனா எப்போதும்போல வேகம்தான்.
அடுத்த பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்க
பெயர் கொடுத்திருக்கிறேன்.
வயிறு இப்போதே கலக்குகிறது.
கொட்டி முடித்த சாக்கை வாங்கி
ஓங்கி ஒரு உதறு உதறினேன்.
கழித்துவிட்ட தண்ணீர்
அவர் மேலும் தெறித்தது
என் மேலும் தெறித்தது.